மேக் புரோவா, மேக் ஸ்டூடியோவா, அசெம்பிள் செய்த டவரா? ஏழு லட்சம் கையில் இருப்பவர்களுக்கு

கடந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு எனக்குப் போன் செய்தார்கள். ஒருவர் கோவையில் கல்யாணப் படங்களும் சிறு விளம்பரங்களும் எடிட் செய்பவர். இன்னொருவர் சாலிகிராமத்தில் ஒலிக்கலவை அறை நடத்துகிறார். மூன்றாமவர் 3டி அனிமேஷன் கற்றுத் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி. மூவரிடமும் நான்கிலிருந்து ஏழு லட்சம் வரை பணம் இருக்கிறது, அதில் பாதி கடன். "அண்ணே, மேக் புரோ வாங்கிடலாமா, இல்ல ஸ்டூடியோ போதுமா, இல்ல ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணிடவா?" முதல் இரண்டும் ஆப்பிளின் மேசைக் கணினிகள்; மூன்றாவது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கும் டவர்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் கலர் கிரேடிங், அதாவது படத்தின் நிறங்களைச் சீராக்கும் வேலை, செய்பவன். இந்த மூன்று வகை எந்திரத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சொந்தப் பணத்தில் தப்பாகவும் வாங்கியிருக்கிறேன். இங்கே சொல்லும் விலைகளும், கடையில் கிடைக்கும் மாடல்களும் 2025 நிலவரம்.

## எதை வைத்து அளப்பது?

விலைப்பட்டியலைத் தொடுவதற்கு முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்.

1. தினமும் நீங்கள் திறக்கும் மென்பொருள் எதைத் தின்கிறது? பிராசஸரையா, கிராபிக்ஸ் கார்டையா, ராமையா?
2. மூன்றாவது வருடத்தில் எந்தப் பாகம் போதாமல் போகும்? அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா?
3. டெலிவரிக்கு முந்தைய ராத்திரி எந்திரம் நின்றுபோனால், மறுநாள் காலை வேலை நடக்குமா?
4. உங்கள் அறையின் ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் மின்கட்டணமும் இதைத் தாங்குமா?
5. நான்கு வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும்?

இவற்றில் இரண்டாவது கேள்விக்கு மற்ற நான்கையும் விட அதிக எடை கொடுப்பேன். வடிவமைப்பு என்று நான் சொல்வது அலுமினியத்தின் பளபளப்பை இல்லை. வாங்கிய பிறகு எதை மாற்றலாம், எதைத் தொடவே முடியாது என்பதை வரைபலகையிலேயே ஒருவர் தீர்மானித்துவிடுகிறார். நாம் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு அந்தத் தீர்மானத்துக்குத்தான் போகிறது.

## இந்தச் சண்டை எங்கே தொடங்கியது?

மேக் புரோவின் கதை தெரிந்தால் இந்த முடிவு பாதி எளிதாகும். 2013-ல் ஆப்பிள் கறுப்பு உருளை வடிவத்தில் ஒரு மேக் புரோவைக் கொண்டுவந்தது. உயரம் 25 சென்டிமீட்டர். நடுவே முக்கோண வடிவில் ஒரு வெப்பக் கடத்தி, அதன் மூன்று பக்கத்திலும் பலகைகள், மேலே ஒரே ஒரு விசிறி. ஆரம்ப விலை 2,999 டாலர். பார்க்க அத்தனை அழகு. ஆனால் இரண்டு மிதமான கிராபிக்ஸ் சில்லுகளைக் கணக்கில் வைத்துத்தான் அதன் வெப்ப வழி அமைந்திருந்தது. உலகமோ ஒரே ஒரு பெரிய, சூடான கிராபிக்ஸ் கார்டை நோக்கிப் போனது. அதை உள்ளே வைக்க இடமும் இல்லை, சூட்டை வெளியேற்ற வழியும் இல்லை. 2017 ஏப்ரலில் ஆப்பிள் அதிகாரிகளே சில பத்திரிகையாளர்களை அழைத்து, வெப்ப விஷயத்தில் தாங்களே ஒரு மூலையில் போய் மாட்டிக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்கள். அதுவரை அதை நம்பி வாங்கியவர்கள் நான்கு வருடம் அதே கிராபிக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் 2019 மாடல். முகப்பில் சல்லடை போலத் துளைகள், கூடுதல் கார்டுகளைச் செருக எட்டு விரிவாக்க ஸ்லாட்டுகள், 1.4 கிலோவாட் மின்வழங்கி, 1.5 டெராபைட் வரை ராம். ஆரம்ப விலை 5,999 டாலர். கூடவே அறிமுகமான மானிட்டர் 4,999 டாலர். அதை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டுக்குத் தனியாக 999 டாலர் என்று மேடையில் அறிவித்தபோது அரங்கமே முணுமுணுத்தது. விலையை எல்லோரும் திட்டினாலும், உள்ளமைப்பைத் திட்டியவர்கள் குறைவு. ஒரு ஸ்டூடியோவில் அதைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே உள்ள கைப்பிடியைத் திருகி இழுத்தால் முழு உறையும் கிணற்றிலிருந்து வாளி வருவது போல நேராக மேலே வந்துவிடுகிறது. நான்கு பக்கமும் கை நுழையும். ஒரு ஒயர்கூடக் கண்ணில் படவில்லை. அப்படி ஒரு கைவேலையை அதற்கு முன் எந்தக் கணினியிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அடுத்த வருடமே ஆப்பிள் இன்டெல்லை விட்டுத் தன் சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கிவிட்டது. 2025-ல் வந்த டஹோ தான் இன்டெல் எந்திரங்களுக்கான கடைசி மேக் ஓ.எஸ். என்றும் அறிவித்துவிட்டது. எட்டு ஸ்லாட்டுகளும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன, பாதைதான் மூடிவிட்டது. பல வருடம் விரிவாக்கலாம் என்று நம்பிப் பெரும் பணம் போட்டவர்களுக்கு இது நிஜமான நஷ்டம். எதிர்காலத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த எதிர்காலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## மேக் புரோ (எம்2 அல்ட்ரா)

2023 ஜூனில் வந்தது. அமெரிக்காவில் 6,999 டாலர், இந்தியாவில் 7,29,900 ரூபாய். அதே 2019 உறை, உள்ளே ஆப்பிள் சில்லு. விரிவாக்க ஸ்லாட்டுகள் ஏழு. ஒன்றில் இணைப்பு முனைகளுக்கான கார்டு ஏற்கெனவே இருக்கும், ஆறு காலி.

இங்கேதான் விஷயம். அந்த ஆறு ஸ்லாட்டிலும் கிராபிக்ஸ் கார்டு போட முடியாது. ராமும் சில்லோடு சேர்ந்தே வருகிறது. வாங்கும்போது சொன்னதுதான் கடைசிவரை, அதிகபட்சம் 192 ஜி.பி. முந்தைய மாடலில் 1.5 டெராபைட் வரை போன இடம் இது. அப்படியானால் ஸ்லாட்டில் எதைத்தான் போடுவது? ஒலிக்கலவைக்கான ஹெச்.டி.எக்ஸ். கார்டுகள், வீடியோ வெளியீட்டுக்கான டெக்லிங்க் போன்ற எஸ்.டி.ஐ. கார்டுகள், வேகமான நெட்வொர்க் கார்டுகள், எஸ்.எஸ்.டி. அடுக்கும் கார்டுகள். இவ்வளவுதான்.

அறிமுகமான அன்றே இதே எம்2 அல்ட்ரா சில்லு, இதே 64 ஜி.பி. ராம், இதே 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. கொண்ட மேக் ஸ்டூடியோ 3,999 டாலருக்கு வந்தது. மூவாயிரம் டாலர் வித்தியாசம் முழுக்க அந்தப் பெட்டிக்கும் ஸ்லாட்டுக்கும்தான். 2025 மார்ச்சில் ஸ்டூடியோ எம்3 அல்ட்ராவுக்கு மாறிவிட்டது. மேக் புரோ அப்போதும் எம்2 அல்ட்ராவிலேயே, பழைய விலையிலேயே நின்றது. இந்தியக் கணக்கில் எம்3 அல்ட்ரா ஸ்டூடியோ 4,29,900 ரூபாய். அதாவது மூன்று லட்சம் கூடக் கொடுத்து ஒரு தலைமுறை பழைய சில்லை வாங்குகிறோம்.

மறைந்திருக்கும் செலவும் உண்டு. எடை கிட்டத்தட்ட 17 கிலோ, சக்கரம் வேண்டும் என்றால் தனிக் காசு. முகப்புச் சல்லடை காற்றை அள்ளிக்கொண்டு போவது போலவே, பக்கத்துத் தெருவில் கட்டட வேலை நடந்தால் அந்தத் தூசியையும் அள்ளும். ஆனாலும் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முழு வேலையிலும் அது இருக்கும் சத்தமே தெரியாது. ஒலி அறைக்குள் எந்திரத்தை வைத்தே தீர வேண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதுதான் சரி என்றால்: ஏற்கெனவே மூன்று நான்கு கார்டுகள் சொந்தமாக வைத்திருப்பவர், ரேக்கில் பூட்டி வெளிப்புற இடங்களுக்குக் கொண்டுபோகிறவர், ஒரு ஒயர் நழுவினாலும் நேரலை நின்றுபோகும் என்ற நிலையில் வேலை பார்ப்பவர். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மேக் ஸ்டூடியோ (எம்4 மேக்ஸ் அல்லது எம்3 அல்ட்ரா)

20 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சதுரம், பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம். எம்4 மேக்ஸ் 2,14,900 ரூபாயில் தொடங்குகிறது. அதில் 36 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. எம்3 அல்ட்ராவின் தொடக்கமே 96 ஜி.பி. ராம், 1 டெராபைட்.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். அல்ட்ரா என்ற பெயரைப் பார்த்து எல்லாமே வேகம் என்று நினைக்கிறார்கள். எம்3 அல்ட்ராவில் கோர்கள் அதிகம், ஆனால் ஒவ்வொரு கோரும் முந்தைய தலைமுறை. எம்4 மேக்ஸின் ஒற்றைக் கோர் அதைவிட வேகம். புகைப்படத் திருத்தம், டைம்லைனில் வெட்டி ஒட்டுவது போன்ற வேலைகளில் விலை குறைந்ததே சுறுசுறுப்பாக இருக்கும். கனமான நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைப்பது), பல அடுக்கு 8கே, அல்லது ராம் தின்னும் வேலை இருந்தால்தான் அல்ட்ராவுக்குப் போக வேண்டும்.

இதன் பெரிய பலம் ராமும் கிராபிக்ஸ் நினைவகமும் ஒன்றாகவே இருப்பது. 2025-ல் வந்தபோது எம்3 அல்ட்ராவில் 512 ஜி.பி. வரை போக முடிந்தது. அமெரிக்காவில் அப்படி ஒன்றின் விலை அப்போது 9,499 டாலர். சொந்த எந்திரத்திலேயே பெரிய ஏ.ஐ. மாடல்களை ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்த விலைக்கு மேசையில் வைக்கிற மாதிரி வேறு ஒன்று எளிதில் அகப்படாது.

பலவீனமும் அதுதான். ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 36 ஜி.பி. எடுத்துவிட்டு அடுத்த வருடம் வருந்தினால், முழு எந்திரத்தையும் விற்றுவிட்டு வேறு வாங்குவதுதான் வழி. எஸ்.எஸ்.டி. தனிப் பலகையில் இருந்தாலும், பயனர் தானே மாற்றும் பாகமாக ஆப்பிள் அதை விற்பதில்லை. ஆகையால் கடையில் நிற்கும்போதே ராமைத் தாராளமாக எடுங்கள், சேமிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபூட்டேஜை வெளி எஸ்.எஸ்.டி.யில் வைக்க தண்டர்போல்ட் 5 என்ற வேகமான கேபிள் இணைப்பு போதும். அப்புறம், பவர் பட்டன் பின்பக்கம் இருக்கிறது. சுவரை ஒட்டி வைத்தால் தினமும் கையைத் துழாவ வேண்டிவரும்.

கிராபிக்ஸ் போதவில்லை என்றால் வெளியே ஒரு கார்டு மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆப்பிள் சில்லுள்ள மேக்கில் வெளி கிராபிக்ஸ் கார்டு கிரேடிங்குக்கோ ரெண்டருக்கோ (3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக எடுப்பது) வேலைக்கு ஆகாது. அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

இதுதான் சரி என்றால்: எடிட், கிரேடிங், இசை, புகைப்படம். ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோவில் வாழ்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். ஆப்பிளின் புரோரெஸ் வீடியோ கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களுக்கும் இதுதான், அதற்கென்றே தனி வன்பொருள் சில்லுக்குள் இருக்கிறது.

## அசெம்பிள் செய்த டவர்

என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் இந்திய அறிமுக விலை 2,14,000 ரூபாய். மேலே சொன்ன எம்4 மேக்ஸ் ஸ்டூடியோவின் விலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கார்டின் விலையில் ஒரு முழு மேக். கடைகளில் அந்த விலைக்குக் கிடைப்பதும் அரிது. அதோடு 16 கோர் ரைசன் பிராசஸர், 128 ஜி.பி. ராம், நல்ல எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி), கேபினெட், கூலர், எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தால் ஐந்து லட்சம் அளவில் வந்து நிற்கும். டவர் என்றாலே மலிவு என்ற எண்ணத்தை இந்த உயரத்தில் விட்டுவிட வேண்டும்.

ஆனால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர், அன்ரியல் எஞ்சின், என்விடியா கார்டுக்கே உரிய கூடா தொழில்நுட்பத்தைக் கேட்கும் எந்த மென்பொருளும் இதில் ஓடுகிற வேகமே வேறு. 3டி வேலைக்கு மேக்கோடு ஒப்பிடுவதே நியாயமில்லை. மேக்கில் புதிய என்விடியா கார்டு என்ற பேச்சு 2018-லேயே முடிந்துவிட்டது.

நான் தப்பாக வாங்கியது இதில்தான். நல்ல கார்டு, நல்ல மதர்போர்டு, எல்லாம் பார்த்து எடுத்தேன். கிராபிக்ஸ் கார்டை மாட்டியதும் அதன் தடிமன் கீழே இருந்த ஸ்லாட்டுகளை முழுக்க மறைத்துவிட்டது. கிரேடிங் மானிட்டருக்குச் சிக்னல் கொடுக்கும் டெக்லிங்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மதர்போர்டை மாற்ற வேண்டியிருந்தது, கேபினெட்டும் பெரிதாக வேண்டியிருந்தது. ஸ்லாட் எத்தனை என்று மட்டும் எண்ணாதீர்கள். கார்டு எத்தனை ஸ்லாட்டை மறைக்கும், மீதி ஸ்லாட்டுக்கு எத்தனை லேன் (பிராசஸரோடு தரவு போய்வரும் பாதை) வருகிறது என்று பாருங்கள். சாதாரண ரைசனில் இரண்டு பெரிய கார்டு போட்டால் லேன்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். அது போதாது என்றால் லேன்கள் அதிகமுள்ள த்ரெட்ரிப்பர் பிராசஸருக்குப் போக வேண்டும். 24 கோர் சில்லு மட்டும் 1,499 டாலர், அதற்கு சர்வர்களில் போடும் ரெஜிஸ்டர்டு வகை ராம்தான் போட வேண்டும். பட்ஜெட் ஏழு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும்.

மின்சாரக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். 5090 கார்டு மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். முழு டவர் ரெண்டரில் 700 வாட், ஸ்டூடியோ 250 வாட் என்று வைத்தால் வித்தியாசம் 450. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 90 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் மாதம் 900, மூன்று வருடத்தில் 32,400. அத்தனை வாட்டும் சூடாக மாறி அறைக்குள்தான் விழுகிறது; சித்திரை வைகாசியில் அதையும் சேர்த்து ஏ.சி. இழுக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸும் 1 கே.வி.ஏ. போதாது, 2 கே.வி.ஏ. வேண்டும்.

பழுதாகும்போது டவர் தன் அருமையைக் காட்டும். ஒரு விளம்பரப் படத்தின் டெலிவரிக்கு முந்தைய ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் கார்டு உயிரை விட்டது. அலமாரியில் கிடந்த பழைய கார்டைத் துடைத்து மாட்டி, மெதுவாகத்தான் ஓடியது என்றாலும், காலை ஏழு மணிக்குப் படத்தைக் கொடுத்துவிட்டேன். வாரண்டிக்குப் போன கார்டு திரும்பி வர மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரமும் வேலை நிற்கவில்லை. ஸ்டூடியோவில் பலகை போனால் மொத்தமும் சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். அதனால் ஸ்டூடியோ வாங்குபவர்கள் ஒரு பழைய மடிக்கணினியையாவது தயாராக வைத்திருங்கள்.

இதுதான் சரி என்றால்: 3டி, விஷுவல் எஃபெக்ட்ஸ், ஏ.ஐ. பயிற்சி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கார்டை மட்டும் மாற்றி ஓட்ட நினைப்பவர், ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தயங்காதவர்.

## பிராண்டட் வொர்க்ஸ்டேஷன்

ஹெச்.பி. இசட், டெல், லெனோவோ திங்க்ஸ்டேஷன் இவையும் உண்டு. அதே வேலைக்கு அசெம்பிள் செய்ததைவிட விலை கூடும். பதிலுக்கு, ஒப்பந்தம் எடுத்தால் ஆள் இடத்துக்கே வந்து பாகத்தை மாற்றித் தருவார். பொறியியல் மென்பொருள் நிறுவனங்களின் சான்றிதழும் இருக்கும். பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அது நியாயமான செலவு. தனி ஆளுக்குத் தேவைப்படாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மேக் புரோ | மேக் ஸ்டூடியோ | டவர் |
|---|---|---|---|
| தொடக்க விலை | 7,29,900 | 2,14,900 / 4,29,900 | சுமார் 5 லட்சம் (5090-உடன்) |
| அதிகபட்ச ராம் | 192 ஜி.பி. | 128 / 512 ஜி.பி. | பலகையைப் பொறுத்தது, பிறகும் கூட்டலாம் |
| கிராபிக்ஸ் மாற்றலாமா | முடியாது | முடியாது | முடியும் |
| மற்ற கார்டுகள் | 6 ஸ்லாட் | தண்டர்போல்ட் பெட்டி வழியாக | கிராபிக்ஸ் கார்டு மறைத்தது போக மீதி |
| ராத்திரியில் பழுதானால் | சர்வீஸ் சென்டர் | சர்வீஸ் சென்டர் | பாகத்தை நாமே மாற்றலாம் |
| மறுவிற்பனை | 2019 வாங்கியவர்களைக் கேளுங்கள் | நல்ல விலை | கார்டுக்கு மட்டும் விலை |

வரியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் நிறுவனத்தின் பெயரிலேயே பில் வாங்குங்கள். 7,29,900-ல் சுமார் 1,11,000 ரூபாய் 18 சதவீத வரி, அது இன்புட் கிரெடிட்டாகத் திரும்பும். டவருக்குப் பாகங்களைப் பத்துக் கடையில் வாங்கினால் பத்து பில்லையும் சேர்த்து ஆடிட்டரிடம் கொடுங்கள். கணினிக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானமும் உண்டு. பில் இல்லாமல் நாலாயிரம் குறைவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் இவை எல்லாமே போச்சு, வாரண்டியும் சேர்த்து.

## மூவருக்கும் சொன்னது

கோவைக்காரரிடம் எம்4 மேக்ஸ் ஸ்டூடியோவை 64 ஜி.பி. ராமோடு எடுக்கச் சொன்னேன். மீதிப் பணத்தில் சரியாக அளவீடு செய்த மானிட்டரும், இரண்டு பிரதி எடுத்து வைக்க ஹார்டு டிஸ்க்கும் வாங்கச் சொன்னேன். கல்யாணப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. எந்திரத்தைவிட அந்த இரண்டாவது பிரதிக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும்.

ஒலிக்கலவை செய்பவரிடம் இரண்டு ஹெச்.டி.எக்ஸ். கார்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. மேக் புரோதான் என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தார். கார்டுகளைத் தண்டர்போல்ட் விரிவாக்கப் பெட்டியில் வைத்து ஸ்டூடியோவோடு இணைத்தால் மூன்று லட்சத்தில் பெரும் பகுதி மிச்சமாகும் என்று சொன்னேன். மேசைக்கு அடியில் இன்னொரு பெட்டி, இன்னொரு ஒயர், இன்னொரு விசிறிச் சத்தம் என்று தயங்கினார். அவர் தயக்கம் நியாயமானது, ஆனால் மூன்று லட்சத்துக்கு நியாயமானது இல்லை. பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்து நீளமான ஆப்டிகல் தண்டர்போல்ட் கேபிள் இழுத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.

அந்தத் தம்பிக்கு டவர்தான். ஆனால் 5090 இப்போதே வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டிய பையன். பெரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இடமுள்ள கேபினெட்டும் இன்றைக்கே எடுத்துவிட்டு, ஒரு படி கீழே உள்ள கார்டோடு தொடங்கலாம். வேலை வந்த பிறகு கார்டை மட்டும் மாற்றலாம். டவர் என்ற வடிவம் கொடுக்கும் சுதந்திரமே அதுதானே. தன்னுடைய சொந்தக் காட்சிக் கோப்பை எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை என் அறைக்கு வருகிறார். முதலில் என் கார்டில், அப்புறம் நண்பர் ஒருவரின் 5090-ல், இரண்டிலும் அதே பத்து ஃபிரேமை ரெண்டர் போட்டு, கையில் கடிகாரத்தோடு பார்க்கப் போகிறோம்.